றஹ்மா வீட்டு வேப்பிலை

மேல்மாடி றஹ்மாவை வெள்ளை உடுத்த வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது யோகமலர் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையில் இருந்த மீனைச் சட்டிக்குள் எறிந்த எறியில் தண்ணீர் சுவர்வரைக்கும் தெறித்தது. செய்தி கொண்டுவந்தவள் எதிர்வீட்டுச் சிவகாமிப்பிள்ளை. அவள் வாயில் எந்தக் கதையும் ஒரு பொழுது தங்காது.

"கிண்ணியாவில இருந்து தமையன் வந்து நிக்கிறார். மனுசன் அன்ஸார் மௌத்தாப் போனாராம், செத்திட்டாராம். இனி இவ இத்தா இருக்கோணுமாம். நாலு மாசம் பத்து நாளைக்கு வெள்ளையோட வீட்டுக்குள்ள, வெளிய தலை காட்டேலாது. படியில நிண்டு கேட்டனான்."

"மௌத்தெண்டு ஆர் சொன்னது?"

"அது எனக்கென்னெண்டு தெரியும்? கதவைச் சாத்திப்போட்டினம்."

யோகமலருக்கு றஹ்மாவில் அன்பு பொங்கி வழிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். துறைமுகத் தொழிலாளருக்கென்று கட்டிய அந்தத் தொடர்மாடியில் இந்த இரண்டு பேரையும் போல ஒருவரையொருவர் கண்ணில் காட்டக்கூடாத ஆட்கள் வேறு இல்லை. றஹ்மா கல்யாணம் முடித்து வந்த முதல் கிழமையே மேலே பல்கனியைக் கழுவி விட்டாள். அந்த அழுக்குத் தண்ணீர் முழுக்க, கீழே யோகமலர் தோய்த்துக் காயப்போட்ட சேலைகளில் ஊற்றியது. யோகமலர் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து ஏசினாள். மேலே நின்றவள் கொஞ்சமும் அசராமல், "மழ பெஞ்சா மழையையும் ஏசுவீங்களா?" என்று கேட்டாள். அன்றைக்குப் பிடித்த சண்டை. பிறகு மீன் செதில், ரேடியோச் சத்தம், படியில் வைத்த வாளி என்று காரணத்துக்கு ஒரு நாளும் பஞ்சம் வரவில்லை.

ஆண்கள் இரண்டு பேரும் வேறு மாதிரி. யோகமலரின் புருஷன் தம்பிராசாவுக்கும் றஹ்மாவின் புருஷன் அன்ஸாருக்கும் துறைமுகத்தில் ஒரே கிரேனில் வேலை. அன்ஸார் மேலே இருந்து ஓட்டுவான். தம்பிராசா கீழே நின்று கை காட்டுவான். கீழே நிற்கிறவனின் கையை நம்பித்தான் மேலே இருக்கிறவன் சுமையை இறக்க வேண்டும். அப்படிப் பழகியவர்கள். வேலை முடிந்து வந்தால் நடுப்படியில் குந்தியிருந்து தேத்தண்ணி குடிப்பார்கள். மேலே இருந்து ஒருத்தியும் கீழே இருந்து ஒருத்தியும் "இன்னும் கதை முடியேல்லையோ?" என்று கத்துவார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பெண்களுக்கும் ஒரே குரல்.

பிறகு அந்தத் தொண்ணூறாம் ஆண்டு வந்தது. ஒரு விடியற்காலை ஆமிக்காரர் தொடர்மாடியைச் சுற்றி வளைத்து, எல்லோரையும் மைதானத்தில் வரிசையாக நிற்க விட்டார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு தலையாட்டி இருந்தான். யாரைப் பார்த்து அந்தச் சாக்கு ஆடுகிறதோ அவன் லொறிக்குப் போக வேண்டும். அது தம்பிராசாவைப் பார்த்து ஆடியது. எதற்கு ஆடியது என்று அந்தச் சாக்குக்கும் தெரிந்திராது. அப்போதுதான் அன்ஸார் வரிசையை விட்டு முன்னுக்கு வந்து கையை உயர்த்தினான். "இவர் என்னோட வேல செய்யிற ஆள். எனக்கு நல்லாத் தெரியும்" என்றான். "தெரியுமா? நல்லம். நீயும் வந்து சொல்லு" என்றார்கள். ஒரே லொறியில் இரண்டு பேரையும் ஏற்றினார்கள்.

லொறி போன தூசி அடங்க முதல் றஹ்மா யோகமலரிடம் வந்தாள். முகம் வெளிறிப்போய் இருந்தது. "உங்கட மனுசனுக்காகத்தான் என்ட மனுசன் போறார். அவருக்கு ஒண்டு நடந்தா, அல்லாஹ்மேல ஆணையா, உங்கள நான் சும்மா விட மாட்டன்" என்றாள். யோகமலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏனென்றால் அவள் சொன்னது உண்மை. உண்மையைச் சொல்கிற ஆளில் வருகிற ஆத்திரம் வேறு எந்த ஆத்திரத்தையும்விடப் பொல்லாதது.

அன்றிலிருந்து இரண்டு பேரும் காலையில் காம்ப் வாசலுக்குப் போனார்கள். ஒரே படியால் இறங்கி, ஒரே தெருவால் நடந்து, ஒரே வரிசையில் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தார்கள். சிவகாமிப்பிள்ளையும் அந்த வரிசைதான். அவளுடைய மகனை முந்திய சுற்றிவளைப்பில் கொண்டுபோயிருந்தார்கள். வாயாடி என்று அவளைச் சொல்லலாம், ஆனால் அந்த வாசலில் அவளும் வாய் திறக்க மாட்டாள். கோட்டைப் பக்கத்தில் மேய்ந்து திரிகிற மான்கள் அந்த வாசலால் உள்ளே போகும், வெளியே வரும். அதுகளை யாரும் மறிப்பதில்லை. காவலுக்கு நின்றவன் அரைகுறைத் தமிழில் ஒரு சட்டம் வைத்திருந்தான். பெண்டாட்டி வந்து கேட்கலாம், தாய் வந்து கேட்கலாம், வேறு யாரும் கேட்க முடியாது. தமையனைத் தேடி வந்த ஒரு பெட்டையைத் துவக்கின் பின்பக்கத்தால் தள்ளி விட்டதை எல்லோரும் பார்த்தார்கள். கேட்கக்கூடியவர்கள் கேட்டாலும் என்ன? "இல்ல. இங்க யாரும் இல்ல. நாளைக்கு வா." அந்த "நாளைக்கு வா" என்ற சொல்லை இடுப்பில் முடிந்துகொண்டுதான் யோகமலர் அடுத்த நாள் சோறு சமைத்தாள். ஆள் இல்லையென்றால் ஏன் நாளைக்கு வரச் சொல்கிறான்? ஆள் உள்ளே இருக்கிறான். அதுதான் அவளுடைய நம்பிக்கை, அதில்தான் அவள் உயிர் தொங்கியது.

இப்போது றஹ்மாவின் தமையன், அவள் காக்கா என்று கூப்பிடுகிற இந்த ஸஹாப்தீன், வந்து மௌத்து என்கிறார்! ஏறினது ஒரே லொறி. அன்ஸார் செத்துவிட்டான் என்றால் தம்பிராசா மட்டும் என்ன வாழ்ந்துகொண்டா இருப்பான்? றஹ்மா மேலே வெள்ளை உடுத்தினால், கீழே யோகமலர் யாருக்காகப் பொட்டு வைப்பது? கையைக்கூடத் துடைக்காமல் மீன் வாடையோடு படியேறினாள்.

கதவைத் தட்டிய தட்டில் தாழ்ப்பாள் கழன்றது. ஸஹாப்தீன் கதிரையில் இருந்தார். கிண்ணியாவில் சொந்த வள்ளம் வைத்துத் தொழில் செய்கிற மனிதர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். தங்கச்சியைப் பார்க்க வருகிற நாட்களில் அவரும் நடுப்படியில் அந்த இரண்டு பேரோடு இருந்து தேத்தண்ணி குடித்தவர்தான். மேசையில் கடதாசியில் சுற்றிய புது வெள்ளைத் துணி இருந்தது. றஹ்மா அலுமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன காக்கா, எங்கட ஆம்பிளையளச் சாகக் குடுக்க எண்டே பாதைத் தோணி ஏறி வந்தனீங்கள்?"

"தங்கச்சி, இது எங்கட குடும்பத்து விசயம். கீழ போங்க."

"ஓ! குடும்பத்து விசயம். லொறியில ஏத்தேக்க உங்கட குடும்பம், எங்கட குடும்பம் எண்டு பிரிச்சே ஏத்தினவங்கள்?"

"நானும் அதத்தான் கேக்கிறன் காக்காட்ட" என்றாள் றஹ்மா.

யோகமலர் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் இவள் ஒத்துப் பேசியது இதுதான் முதல் தடவை. றஹ்மா அவளைப் பார்க்கவில்லை, தமையனையே பார்த்தாள்.

"மையத்த ஆர் கண்ட? ஆர் குளிப்பாட்டின? கபுறு எங்க இரிக்கி? ஒண்டுக்கும் பதில் இல்ல. வெள்ளைய மட்டும் கொண்டு வந்து வெச்சிரிக்கார். நான் இத்தா இருந்தா நாளைக்கு அந்த வாசல்ல அவர ஆர் கேக்கிற?"

"கேள்விப்பட்டன் எண்டு சொன்னன்தானே, புள்ள" என்றார் ஸஹாப்தீன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"கேள்விப்பட்டதுக்கு வெள்ளையோ!" யோகமலரின் குரல் மாடி முழுக்கக் கேட்டது. "நல்ல விசர்க்கதை! ஊரில ஆயிரம் கதை அடிபடும். அந்த ஆளின்ர வாயை எனக்குக் காட்டுங்கோ, கிழிக்கிறன். காட்ட மாட்டியளோ? சரி. நாளைக்குக் காம்ப் வாசலில நிண்டு நானே கேக்கிறன். ரெண்டு பேரும் செத்துப்போச்சினமாம், கிண்ணியா ஸஹாப்தீன் காக்காவுக்குத் தெரியுமாம், அவரைக் கூப்பிட்டு விசாரியுங்கோ எண்டு சொல்லுறன்!"

ஸஹாப்தீனின் முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போனதோ தெரியாது. எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். கழன்ற தாழ்ப்பாளுக்குப் பதிலாகக் கதிரையை இழுத்துக் கதவோடு வைத்து, அதில் தானே இருந்தார். 

"அப்பிடிச் செஞ்சிடாத தங்கச்சி. என்னையும் தூக்குவானுகள். எனக்கு அஞ்சு புள்ள." பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார். "நான்தான் கண்ட. கேள்விப்படல்ல. என்ட ரெண்டு கண்ணாலயும் கண்ட."

விடியப்புறம் வள்ளத்தடிக்குப் போனபோது கரையில் ஒதுங்கிக் கிடந்தார்கள் என்றார். முதலில் ஒரு ஆள் என்றுதான் நினைத்தாராம். கிட்டப் போனால் இரண்டு பேர். ஒருவனுடைய இடது கையும் மற்றவனுடைய வலது கையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது. முகம் தெரிகிற அளவுக்கு இருந்தது என்றார்.  

"அவிழ்க்கப் பாத்தன், ஏலாமப் போச்சு. கத்தியால வெட்டித்தான் எடுத்த. கண்டது எண்டு பேர் வெளிய வந்தா அடுத்த லொறியில நான். அதுக்குப் பயந்து இவ்வளவு நாளும் ஆருக்கும் சொல்லல்ல; இத்தா தப்புது எண்டுதான் இப்ப வந்த. கரைக்கு மேல, தாழை மறைவில ரெண்டு கபுறு தோண்டினன்." அவர் யோகமலரைப் பார்த்துக் கையைக் கூப்பினார். "தம்பிராசாவுக்கு உங்கட முறையில என்ன செய்யிற எண்டு எனக்குத் தெரியாது தங்கச்சி. தெரிஞ்சாலும் நெருப்பு வெச்சா புகை எழும்பும். எனக்குத் தெரிஞ்ச முறையில ரெண்டு பேருக்கும் தொழுதன். பக்கத்தில பக்கத்திலதான் வெச்ச. பிழையெண்டாப் பொறுத்துக்கொள்ளுங்க."

யோகமலர் அழவில்லை. அவளுக்கு வந்தது ஆத்திரம். 

"எப்ப?"

"கொண்டுபோய் அடுத்த கிழமை."

"அடுத்த கிழமையோ! அப்ப நான்..." மேசையில் ஓங்கி அடித்தாள். "அப்ப நான் இவ்வளவு காலமும் அந்த நாசமாப் போன வாசலில ஆரைக் கேட்டுக்கொண்டு நிண்டனான்? நாளைக்கு வா எண்டானே! அந்தக் கட்டையில போவான் ஒவ்வொரு நாளும் நாளைக்கு வா, நாளைக்கு வா எண்டானே! சொல்லேக்க அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னவன். நான் திரும்பி நடக்கேக்க சிரிச்சிருப்பான். ஐயோ, நான் அவனைக் கும்பிட்டனே! தம்பி, ராசா எண்டு கும்பிட்டனே!"

அந்த "ஐயோ" வீட்டை விட்டு வெளியே போகும் முன் றஹ்மா பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். மீன் வாடை அடித்த அந்த உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணாலும் தண்ணீர் ஓடியது, சத்தம் மட்டும் இல்லை. படியில் காலடி கேட்டது. சிவகாமிப்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். இந்த வீட்டில் ஒப்பாரி கேட்டால் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும். பின்னேரத்துக்குள் காம்ப்புக்குத் தெரியும். செத்தது என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்பார்கள். அதோடு ஸஹாப்தீனின் கதை முடிந்தது.

புருஷன் செத்தால் வாய்விட்டு அழக்கூட உரிமை இல்லாத காலம், பாருங்கள். கொன்றவன் தெருவில் விசில் அடித்துக்கொண்டு போகிறான். அழுகிறவள் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்!

றஹ்மா ஒரு கணம் யோசித்தாள். பிறகு யோகமலரின் வாயில் இருந்து கையை எடுத்து, கதவுப் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினாள்.

"என்ட ஊட்டுக்க வந்து என்னையே ஏசுறீங்களா? ஓம், ஊத்துவன்! இனியும் ஊத்துவன்! உங்கட சீலையில அழுக்குத் தண்ணி ஊத்துவன்! என்ன செய்வீங்க?"

யோகமலருக்கு முதலில் விளங்கவில்லை. றஹ்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணீரும் மூக்குநீருமாக அவள் தலையை ஆட்டினாள், கத்து, கத்து என்று. யோகமலருக்கு விளங்கியது.

"ஊத்தடி!" என்று அலறினாள். "ஊத்து பாப்பம்! எல்லாத்தையும் ஊத்து! என்ர சீவியத்தையே நாசமாக்கிப் போட்டியள்! மண் விழும்! உங்கட தலையில மண் விழும்! நாசமாப் போவியள்! உங்கட குலம் விளங்குமோ? நீங்களும் ஒரு நாள் இப்பிடித் துடிப்பியள்!"

"துடிப்பீங்க! துடிச்சுத்தான் போவீங்க! ரப்பே, நீ பாத்துக்கொண்டுதானே இரிக்காய்!"

யாரைத் திட்டுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒருத்தியின் தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு, குரல் கம்மும்வரை திட்டினார்கள். ஸஹாப்தீன் கதவோடு சாய்ந்து, தலைத் தொப்பியைக் கழற்றி முகத்தில் அழுத்திக்கொண்டிருந்தார். வெளியே சிவகாமிப்பிள்ளை, "சீ, இதுகள் திருந்தாதுகள்" என்று சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனது கேட்டது. அந்தத் தொடர்மாடியில் அவர்கள் அழுத அழுகை அதுதான். கேட்டவர்கள் எல்லோரும் வழமையான சண்டை என்று நினைத்தார்கள்.

அலறி ஓய்ந்து இரண்டு பேரும் நிலத்தில் குந்தினார்கள். ஸஹாப்தீன்தான் தொடங்கினார்.

"அதுக்குத்தான் புள்ள, கிண்ணியாவுக்கு வந்திடு எண்டு சொல்றன். அங்க வந்து இத்தா இருந்தா ஆரும் கேக்க மாட்டானுகள்."

"நான் வர மாட்டன்" என்றாள் றஹ்மா. "இத்தா மனுசன்ட ஊட்டுலதான் இரிக்கணும். அதுதான் முறை, நீங்களே சொல்லித் தந்த முறை. இது அவர்ட ஊடு. இஞ்சதான் இருப்பன்."

"இஞ்ச இருந்தாச் சனம் கேக்குமே! ஏன் வெளிய வரல்ல, ஏன் வெள்ள, ஆர் சொன்ன எண்டு கேக்குமே!"

"நான் வாசலுக்குப் போகாட்டி, அவனுகளும் கேப்பானுகள். பெண்டாட்டியே தேடி வாறதில்ல, ஆள் தானாத்தான் எங்கயோ ஓடிட்டான் எண்டு சொல்லுவானுகள்." றஹ்மா மேசையில் இருந்த வெள்ளையைக் கையில் எடுத்தாள். "போனா முறை தப்பும். போகாட்டி அவர் இருந்த எண்டதே இல்லாமப் போயிடும். நான் என்ன செய்ய?"

யோகமலர் சுவரோடு குந்தியிருந்தாள். அவளுடைய நிலைமையும் அதுதான், மறுபக்கமாக. தாலியைக் கழற்றினால் யார் சொன்னது என்ற கேள்வி வரும். கழற்றாவிட்டால் புருஷன் செத்த பெண் பொட்டும் பூவுமாகத் திரிகிற பாவம். அவள் அழிந்துபோன பொட்டை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு சட்டென்று எழும்பினாள்.

"பின்பக்கத்தில நிக்கிற வேம்பில ஒரு கொப்பு முறிச்சுக்கொண்டு வாறன். உன்ர வாசலில கட்டுவம்."

"என்னத்துக்கு?"

"உனக்கு அம்மாள் வந்திட்டுது."

"எனக்கு என்ன வந்த?"

"அம்மாள் வருத்தம், அம்மை நோய். மேல் முழுக்கக் கொப்புளம். வேப்பிலை கண்டா ஒரு குருவியும் இந்தக் கதவைத் தட்டாது. சிவகாமிப்பிள்ளை இந்தப் படியே மிதிக்க மாட்டாள். செக்கிங் எண்டு வந்தாலும் எட்ட நிண்டு பாத்திட்டுப் போவாங்கள், அவங்களுக்கும் உடம்பு இருக்குத்தானே. எனக்குச் சின்னனில வந்து போனது, மறுகா வராது. சாப்பாடு நான் கொண்டு வருவன். ஒரு மாசத்தில மாறாட்டி இன்னொரு வருத்தம் சொல்லுவன். நீ உள்ளுக்கு வெள்ளையை உடுத்துக்கொண்டு இரு."

றஹ்மா வாயைப் பிளந்தாள். "எங்கட வாசல்ல வேப்பிலையா? காக்கா, கேட்டீங்களா இவ சொல்றத?"

ஸஹாப்தீன் தாடியைத் தடவினார். கொஞ்சம் சங்கடப்பட்டார், அதை மறைக்கவும் இல்லை. பிறகு, "மரத்தில முளைக்கிற இலைதானே புள்ள. கட்டட்டும்" என்றார்.

"அப்ப இவங்க? இவங்கட துக்கத்துக்கு என்ன செய்யிற?" றஹ்மா முதல் தடவையாக யோகமலரை நேரே பார்த்துக் கேட்டாள்.

யோகமலர் கதவடிக்குப் போனாள். "எனக்கென்ன, நான் கத்தித் தீர்த்திட்டன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

படியடியில் சிவகாமிப்பிள்ளை காத்துக்கொண்டு நின்றாள். "என்னடி அவ்வளவு சண்டை?"

"சண்டை பிடிக்கத்தான் போனனான். பாத்தா அவளுக்கு மேல் முழுக்க அம்மாள். இத்தாவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தமையன் ஆரோ சொன்ன பேய்க்கதையைக் கேட்டு வந்தவர், ஏசி விட்டிட்டன். அந்தப் பக்கம் போகாதையுங்கோ, மாமி, தொத்தும்."

"அம்மாளே!" என்று சிவகாமிப்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

அடுத்த நாள் காலை யோகமலர் முகம் கழுவிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். குங்குமச் சிமிழைக் கையில் எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள். செத்தவனுக்குப் பொட்டு வைக்கிற கையை என்ன செய்தால் தகும்? ஆனால் வைத்தாள். வழமையைவிடப் பெரிதாக வைத்தாள். அந்த வாசலுக்கு ஒரு விதவை போனால் அவர்கள் வென்ற மாதிரி. தாங்களே கொன்றவனின் பெண்டாட்டி பொட்டோடு வந்து முன்னால் நின்று எங்கே என்று கேட்டால், அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்குமா என்று பார்ப்போம்.

வெயில் ஏறி வரிசை நகர்ந்தது. சிவகாமிப்பிள்ளை அவளுக்குப் பின்னால் நின்றாள். வாசலில் அதே ஆள். நேற்றுவரை அவனைக் கண்டால் யோகமலருக்குக் கை தானாகக் கூம்பும். இன்றைக்கு அந்தக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"யாரு?"

"தம்பிராசா. துறைமுகத்தில வேலை."

"இல்ல. இங்க யாரும் இல்ல. நாளைக்கு வா."

நாக்கு நுனிவரைக்கும் வந்தது. எனக்குத் தெரியுமடா, எந்தக் கரையில் எறிந்தீர்கள், எந்தக் கயிற்றால் கட்டினீர்கள் என்று தெரியுமடா. ஸஹாப்தீனின் ஐந்து பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டு அதைத் தொண்டைக்குள் திருப்பி விழுங்கினாள். கொதிக்கிற கஞ்சியை விழுங்கின மாதிரி அது நெஞ்சைச் சுட்டுக்கொண்டு இறங்கியது. ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

"இன்னொரு ஆள் இருக்கு. அன்ஸார். அவரும் துறைமுகம்தான். அண்டைக்கு ஒரே லொறியில ஏத்தினவர்."

"அது வேற பொம்பள வாறது. எங்க அது?"

"அவளுக்கு வருத்தம். நான் கேக்கிறன்."

"ஏலாது. பெண்டாட்டி வரணும், இல்லாட்டி அம்மா வரணும். நீ யாரு?"

"பெண்டாட்டி."

அவன் துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றினான். "நீ தம்பிராசா பெண்டாட்டி."

"ஓம். தம்பிராசாவுக்கும் நான்தான் பெண்டாட்டி. அன்ஸாருக்கும் நான்தான் பெண்டாட்டி."

 பின்னால் சிவகாமிப்பிள்ளை மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. அவன் பக்கத்தில் நின்ற மற்றவனுக்குச் சிங்களத்தில் என்னமோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"ஒரு பொம்பளக்கு ரெண்டு புருசனா?"

"ஓம்!" என்றாள் யோகமலர், தெருவுக்கே கேட்க. "ரெண்டு பேர்! ரெண்டு பேரையும் நீங்கள்தான் கொண்டு போனனீங்கள். ரெண்டு பேரையும் நான்தான் கேப்பன். சிரி, நல்லாச் சிரி! சிரிச்சு முடிச்சுப்போட்டுப் பதில் சொல்லு. எங்க என்ர மனுசன்மார்?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் அவளுடைய பொட்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், பிறகு அவளுடைய கண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தான். "இல்ல" என்றான். "நாளைக்கு வா."

"வருவன்" என்றாள். "நாளைக்கும் வருவன். நாளையிண்டைக்கும் வருவன்."

திரும்பி நடக்கும்போது சிவகாமிப்பிள்ளை ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தாள். ஊர் முழுக்கச் சொல்ல இதைவிட ஒரு கதை அவளுக்குக் கிடைக்காது.  ஆனால் அவள் யோகமலரின் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்திவிட்டு, மகனுடைய பெயரைச் சொல்ல முன்னால் போனாள்.

யோகமலர் தன்னுடைய வீட்டைத் தாண்டி மேலே ஏறினாள். நிலையில் வேப்பிலை வாடத் தொடங்கியிருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெள்ளையோடு பாயில் இருந்த றஹ்மா எழும்பி, ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்து, அவளுடைய நெற்றியில் இருந்த பொட்டைத் துடைத்துவிட்டாள். யோகமலர் தாலியைக் கழற்றி மடியில் வைத்தாள். வெளியே போகும்போது போட்டுக்கொள்ளலாம். இந்த நான்கு சுவருக்குள் அவளும் புருஷனைப் பறிகொடுத்தவளாக இருக்கலாம். அவளுக்கு எஞ்சியிருந்த இடம் இந்த வீடு மட்டும்தான், மேலே இருந்து அவளுடைய சேலையில் அழுக்குத் தண்ணீர் ஊற்றிய வீடு.

"என்ன சொன்னானுகள்?"

"என்ன சொல்லுவாங்கள்? அதே பதில்தான்."

"அவர கேக்க விட்டானுகளா? பெண்டாட்டிதான் கேக்கணும் எண்டு சொல்லிருப்பானுகளே."

"சொன்னவன். நான்தான் பெண்டாட்டி எண்டனான்."

"அப்ப தம்பிராசா அண்ணனுக்கு?"

"அவருக்கும் நான்தான் எண்டனான். ரெண்டு பேருக்கும் ஒரு பெண்டாட்டி."

றஹ்மா வெடித்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குந்தினாள், குந்திய இடத்தில் அழத் தொடங்கினாள். தலைத்துணியை வாயில் திணித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். யோகமலர் அவளை அழ விட்டாள். அழுது முடிந்ததும் றஹ்மா முகத்தைத் துடைத்தாள். அந்த முகத்தில் இப்போது அழுகை இல்லை. பல்கனியில் நின்று பதிலுக்குப் பதில் பேசிய நாட்களில் இருந்த அதே பொல்லாத கோபம் இருந்தது.

"நாளைக்கும் போங்க, மலரக்கா" என்றாள். "போய் அப்பிடியே சொல்லுங்க."